சுருட்டை முடியைச் சுருட்டையாகவே வைத்துக்கொள்வது எப்படி? முதல் குளியலிலிருந்து முடி வெட்டுவது வரை

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. நான்கு ஆண்டுகள் அழகு நிலையத்துக்குப் பணம் கட்டி அதை நேராக்கிக்கொண்டேன். அப்புறம் இரண்டரை ஆண்டுகள், அந்த நேர்முடி வளர்ந்து வெட்டுப்பட்டுத் தீரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குப் பிறகு அக்கா மகள், அலுவலகத் தோழியர் இருவர், மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் என்று நான்கு பேருக்கு உடனிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நால்வரும் சரியான பொருள்களைத்தான் வாங்கியிருந்தார்கள். நால்வரும் வரிசையில்தான் தவறினார்கள்.

சுருளின் வடிவம் முடி ஈரமாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. உலர்ந்த பிறகு சீப்பை எடுத்தால் வேலை கெடுமே தவிர, சீராகாது. சின்ன வயதிலிருந்து நமக்குப் பழக்கியது இதற்கு நேர் எதிரானது: துண்டால் நன்றாகத் துவட்டு, காயவிடு, சிக்கெடு, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னு. நேர்முடிக்கு இது பொருந்தும். சுருட்டைக்கு இதே வரிசைதான் ‘பரட்டைத் தலை’ என்ற பட்டப்பெயரை வாங்கிக்கொடுக்கிறது.

1. எதையும் வாங்குமுன் உங்கள் முடியைப் பாருங்கள்

ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய், சீரம், சீப்பு எதுவும் படாமல் முடியை அப்படியே உலரவிடுங்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒரு கற்றையைப் பிரித்துப் பாருங்கள். பாம்பு நெளிவதுபோல் வளைந்து இறங்கினால் அது அலைமுடி. விரலைச் சுற்றிய மோதிரம்போல் வளையமிட்டால் சுருட்டை. பேனா அளவுக்கு இறுக்கமாகச் சுற்றியிருந்தால் அடர்சுருட்டை.

ஒரே தலையில் மூன்றும் இருக்கலாம். எனக்குப் பிடரியில் மோதிரச் சுருள், நெற்றியோரம் வெறும் அலை. இது கோளாறு இல்லை. முடி முளைக்கும் குழியின் வடிவத்தைப் பொறுத்தே இழை வளைகிறது, எல்லாக் குழியும் ஒரே வார்ப்பு இல்லை.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், அலைமுடிக்காரர்கள் அடர்சுருட்டைக்கான கனமான கிரீமை வாங்கித் தடவி, முடி தொங்கிப்போய்விட்டது என்று வருந்துவதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். ஒரு முடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் காற்றுக் குமிழியுமே அதன் முடிவை மாற்றிவிடும்.

2. ஏற்கெனவே நேராக்கியிருந்தால்

நிரந்தரமாக நேராக்கும் மருந்து முடியின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைத்து வேறு அமைப்பில் பூட்டிவிடுகிறது. அந்த நீளம் இனி சுருளாது. எந்த எண்ணெயும் ஜெல்லும் அதைத் திருப்பாது. ‘சுருளை மீட்டுத் தரும்’ என்று எழுதியிருக்கும் பாட்டிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேரிலிருந்து வருவது மட்டுமே சுருளும். அது மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். 30 சென்டிமீட்டர் முடி முழுதாக மாற இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணிச்சல் உள்ளவர்கள் ஒரே நாளில் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு விரற்கடை வெட்டிக்கொண்டே வந்தேன். அப்படிக் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம், புதுச்சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் கோடு. முடி அங்கேதான் ஒடியும். சீப்பு அந்தக் கோட்டைத் தாண்டும்போது கையால் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. வேண்டியவை

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: மென்மையான ஒரு ஷாம்பு, நிறையக் கண்டிஷனர், ஒரு ஜெல், பற்கள் விலகி அமைந்த சீப்பு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். துண்டுக்குப் பதில் வீட்டில் கிடக்கும் பழைய பருத்தி பனியன் போதும். ஷாம்பு ஒரு பாட்டில் தீர்வதற்குள் கண்டிஷனர் மூன்று தீரும். ஆகவே விலை உயர்ந்ததை வாங்கிச் சொட்டுச் சொட்டாக விடுவதைவிட, மலிவானதை வாங்கித் தாராளமாகப் பூசுவது நல்லது.

ஷாம்பு பாட்டிலின் பின்புறம் சோடியம் லாரில் சல்பேட் என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அது பிசுக்கோடு சேர்த்துத் தேவையான எண்ணெயையும் கழற்றிவிடும். நேர்முடியில் தலைத்தோலின் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடுகிறது. சுருளில் ஒவ்வொரு வளைவிலும் அது தடைபடும். வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

ஜெல்லை வீட்டிலேயே செய்யலாம். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆளி விதை நான்கு மேசைக்கரண்டி, தண்ணீர் அரை லிட்டர். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள், விட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஏழெட்டு நிமிடத்தில் நுரை வெளுத்து, கரண்டியைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு போல் நூலாக இறங்கும். அந்தக் கணமே அடுப்பை அணைத்துவிட்டு, சூட்டோடு சூடாக வடிகட்டுங்கள்.

இந்த ‘சூட்டோடு சூடாக’வைத்தான் அக்கா மகள் கேட்கவில்லை. “ஆறட்டும் சித்தி, கை சுடும்” என்றாள். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரம் முழுக்க விதையும் கூழும் ஒன்றாகி, கரண்டியை நட்டால் நிற்கும் பதத்தில் இருந்தது. வடிகட்டியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சித்தான் மீட்டோம். வடித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால் ஒரு குளியலுக்கு இரண்டு கட்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. குடிநீர் இயந்திரம் பழுதுபார்க்க வருபவர் காட்டும் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையை அல்ல. குளியல் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து வாளியில் மிதந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினமானது. கடைசியாக அலசுவதற்கு மட்டும் இரண்டு சொம்பு குடிநீரோ மழைநீரோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முழுக்குளியலுக்கும் அது தேவையில்லை.

4. எண்ணெய்: குளிக்குமுன், பிறகு அல்ல

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தப் பலன் தென்படவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தலையில் அது பொய்யாகவில்லை.

குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெயை நுனியிலிருந்து மேல்நோக்கித் தடவுங்கள். வேரில் கொட்டத் தேவையில்லை. அங்கே போதிய எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது.

குளித்து முடித்தபின் ‘படிய வைக்க’ எண்ணெய் தேய்ப்பதுதான் பொதுவான தவறு. அது சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இழுக்கும், தெருப்புழுதியையும் சேர்த்துக்கொள்ளும்.

5. ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும்

வாரத்துக்கு இரண்டு முறை போதும். வெள்ளி, செவ்வாய் என்ற பழைய கணக்கு சுருட்டைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் தலைத்தோலில் தேயுங்கள். நகம் படக்கூடாது. முடியின் நீளத்தைத் தனியாகத் தேய்க்க வேண்டாம், வழியும் நுரையே அதைக் கழுவிவிடும். முடியை உச்சியில் குவித்து வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்குபவர்கள், அடுத்த படியில் சிக்கெடுக்க இரண்டு மடங்கு நேரம் செலவழிப்பார்கள்.

சீயக்காயை விட மனமில்லாதவர்கள் தூளை அப்படியே போடாதீர்கள். சுருளுக்குள் புகுந்த தூள் மூன்று நாள் கழித்தும் தோளில் உதிரும். இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

6. கண்டிஷனரோடு சிக்கெடுப்பது

வாரம் முழுவதற்கும் சீப்பு முடியைத் தொடும் நேரம் இது ஒன்றுதான். அவசரமில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஈரம் சொட்டும் முடியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் எலுமிச்சை அளவு கண்டிஷனர் பூசுங்கள். உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் இன்னும் போடுங்கள். ஈரமுடி எளிதில் நீண்டு ஒடியும். கண்டிஷனரின் வழுவழுப்பு இல்லாமல் ஈரத்தில் சீப்பு வைப்பது முடியை அறுப்பதற்குச் சமம்.

முதலில் விரல். பிறகு சீப்பு. நுனியில் நான்கு விரற்கடை நீளத்தைச் சிக்கெடுத்துவிட்டு, இன்னும் நான்கு விரற்கடை மேலே போங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் உள்ள எல்லாச் சிக்கும் சேர்ந்து கீழே ஒரே முடிச்சாகிவிடும்.

சீப்பில் ஒரு பந்து முடி வரும். மாடி வீட்டுப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இது சரியாக வராது, எனக்கு முடி கொட்டுகிறது” என்று அழத் தயாராகிவிட்டாள். யாருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. தினமும் வாருபவர்களுக்கு அது தினமும் சீப்பில் போகிறது. நாம் வாருவதில்லை என்பதால் நான்கு நாள் உதிர்ந்தது சுருளுக்குள்ளேயே தங்கி, ஒரே நாளில் கைக்கு வருகிறது. வட்டமாக வழுக்கை தெரிந்தாலோ வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ அது வேறு விஷயம், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சிக்கு தீர்ந்ததும் தலையைக் குனிந்து, கையில் தண்ணீர் எடுத்து நுனியைக் கீழிருந்து மேலாகக் கசக்குங்கள். ‘சளக் சளக்’ என்று சேற்றில் கால் வைத்த சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் முடிக்குள் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள். வறண்ட சத்தம் வந்தால் இன்னும் தண்ணீர் தெளியுங்கள். பிறகு மேலோட்டமாக அலசுங்கள். கொஞ்சம் வழுவழுப்பு மிச்சமிருந்தால் நல்லதுதான். வகிடும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

7. ஜெல்: தண்ணீர் சொட்டும்போதே

எல்லோரும் கோட்டை விடும் இடம் இது. நானும் ஆறு மாதம் இங்கேதான் இடறிக்கொண்டிருந்தேன்.

குளித்து, துவட்டி, உடை மாற்றி, கண்ணாடி முன் வந்து நின்றுதான் ஜெல் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் முடி பாதி உலர்ந்துவிடும். உலர உலர ஒவ்வொரு முடியும் தன் போக்கில் பிரிந்து நிற்கத் தொடங்கும். அதன்மேல் ஜெல் போட்டால் அந்தப் பரட்டையைத்தான் அது இறுக்கிப் பிடிக்கும். ஈரம் சொட்டும்போது முடிகள் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து கற்றையாக நிற்கும். அந்த நிலையில் ஜெல் போட்டால் கற்றை கலையாது. ஜெல்லின் வேலை சுருளை உண்டாக்குவதல்ல, தண்ணீர் சேர்த்துவைத்த கற்றை காய்ந்து முடியும் வரை அப்படியே நிற்க உதவுவது.

ஆகவே ஜெல் டப்பா குளியலறையிலேயே இருக்கட்டும். அலசி முடித்து, நிமிராமல், தலை குனிந்தபடியே போடுங்கள். தோள் வரை உள்ள முடிக்கு ஒரு குழிக்கரண்டி ஆளி விதை ஜெல். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கற்றையை வைத்து, கும்பிடுவதுபோல் மூடி, வேரிலிருந்து நுனி வரை வழித்து இறக்குங்கள். விரலை உள்ளே விட்டுக் கோதாதீர்கள், கற்றை பிரிந்துவிடும். முழுவதும் வழித்தபின் நுனியைக் கையில் ஏந்தி, மேல்நோக்கி மெல்லக் கசக்குங்கள். தரையில் ஜெல்லும் தண்ணீருமாகச் சொட்டும். சொட்டட்டும், வெளியே வருமுன் தரையை மட்டும் கழுவிவிடுங்கள். அந்த வழுக்கலில் ஒருமுறை விழப் பார்த்தேன்.

கடையில் ஜெல் வாங்குவதானால் பட்டியலின் முதல் நான்கைந்து பெயர்களில் கிளிசரின் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில், அது இழுத்துச் சேர்க்கும் ஈரமே முடியை உப்ப வைத்துவிடும்.

8. துவட்டாமல் உலர்த்துவது

தேங்காய்ப்பூத் துண்டின் ஒவ்வொரு நூல்வளையமும் ஒரு கொக்கி. அதனால் தேய்த்தால் முந்தைய இரண்டு படிகளும் வீண். பருத்தி பனியனைக் கட்டில்மேல் விரித்து, குனிந்து, சுருள்களை அதன் நடுவில் மடிப்பு மடிப்பாக இறக்கி, இரு பக்கத்தையும் இழுத்துத் தலையில் கட்டுங்கள். பதினைந்து நிமிடம் போதும், காப்பி போட்டுக் குடித்துவிடலாம். ஒரு மணி நேரம் விட்டால் சுருள் நசுங்கி, உச்சி தட்டையாகிவிடும்.

அவிழ்த்தபின் மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள். தொடாதீர்கள். ‘காய்ந்துவிட்டதா’ என்று விரலை விட்டுப் பார்ப்பது, ஒரு கற்றையை இழுத்து விடுவது, காதுக்குப் பின்னால் ஒதுக்குவது எல்லாம் இந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு வேண்டாம். சாம்பிராணி போட விரும்பினால் போடலாம், முடியைக் கூடையில் விரித்துக் கோதிவிடுவதுதான் கூடாது. காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்கள் முந்தின மாலை குளித்துவிடுங்கள்.

9. விறைப்பை உடைப்பது

முழுக்கக் காய்ந்ததும் தொட்டால் அப்பளம்போல் விறைப்பாக இருக்கும். புதியவர்கள் இங்கே மனம் வெறுத்து மறுபடி தலையை நனைத்துவிடுகிறார்கள். இந்த விறைப்பு வந்தால்தான் ஜெல் சரியாகப் பிடித்திருக்கிறது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு (எண்ணெய் குளியலுக்குப் பிறகு வரும் ஒரே இடம் இதுதான்) நுனியை மேல்நோக்கிக் கசக்கினால் விறைப்பு நொறுங்கி, சுருள் மட்டும் நிற்கும். ஓர் இடத்தில் ஈரம் இருந்தாலும் இதைத் தொடங்காதீர்கள். வேரருகே விரல் வைத்துப் பாருங்கள், அங்கேதான் கடைசியாகக் காயும்.

10. இரவும் மறுநாளும்

படுக்குமுன் முடியை உச்சியில் தளர்வாகக் குவித்து, துணி சுற்றிய ரப்பர் பேண்ட் ஒரே சுற்றுப் போடுங்கள். பருத்தித் தலையணை உறை உராய்ந்து சுருளைக் கலைக்கும். கிழிந்த பட்டுப் புடவையின் உடல்பகுதியில் ஓர் உறை தைத்துக்கொண்டால் உராய்வு குறையும். சரிகை பக்கம் வேண்டாம்.

காலையில் கலைந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, விரலில் சுற்றி, ஒரு நிமிடம் பிடித்து விடுங்கள். முழுத் தலையையும் நனைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பூ வைப்பதானால் சரத்தை கொண்டை ஊசியால் சுருளுக்கு அடியில் கோத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்து எடுக்கும்போது நாரோடு பாதிச் சுருளும் வந்துவிடும்.

11. முடி வெட்டப் போகும்போது

முதல் மூன்று, நான்கு குளியல்களில் பெரிய மாற்றம் தெரியாது. ஏழெட்டு வாரம் ஆனபின், எந்தச் சுருள் எங்கே விழுகிறது என்று பழகியதும், வெட்டிக்கொள்ளப் போங்கள்.

நிலையத்தில் முதலில் தலையை நனைத்து, சீப்பால் நேராக இழுத்து, ஒரே மட்டமாக வெட்டுவார்கள். ஈரத்தில் தோளைத் தொட்ட முடி காய்ந்ததும் சுருண்டு காதோரம் ஏறிவிடும். ஒவ்வொரு சுருளும் ஒவ்வோர் அளவில் ஏறுவதால் மட்டமும் இருக்காது. எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, மூன்று மாதம் கொண்டையோடு அலைந்தேன். ஆகவே காய்ந்த சுருளோடு, ஜெல் விறைப்பை உடைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். “காய்ந்த முடியிலேயே வெட்டுங்கள், சீப்பு வேண்டாம், கற்றை கற்றையாக நுனியை மட்டும் எடுங்கள்” என்று கத்திரி எடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள். “இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதே, கொஞ்சம் நேராக்கிவிடட்டுமா?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் போதும், காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை.